பந்தைத் தொடக்கூடாது என்கிறார் அவள் அப்பா

கேள்வி: என் மகள் அயனாவரத்தில் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளி வாலிபால் அணியில் செட்டர், அதாவது அடிப்பவர்களுக்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பவள். போன வருடம் வருவாய் மாவட்ட அளவில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போனார்கள். முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டார்கள். 'பிளஸ் டூ முடியும்வரை பந்தைத் தொடக்கூடாது' என்கிறார் அவள் அப்பா. அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணனோ, 'ஸ்போர்ட்ஸ் இருந்தால் காலேஜ் சீட் தேடி வரும்' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: உங்கள் அண்ணன் அவர் ஊர்க் கதையைச் சொல்கிறார். அது அங்கே உண்மைதான். அங்குள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மீது நடந்த வழக்கில் ஒரு கணக்கு வெளியே வந்தது. பயிற்சியாளர்கள் தங்கள் அணிக்கென்று தேடிப் பிடித்த மாணவர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அது கோச் கேட்டு வாங்கும் பிள்ளைகளுக்கு. மற்றவர்களுக்கு விளையாட்டு என்பது விண்ணப்பத்தில் நிரப்பும் பல விஷயங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

இங்கே பொறியியல் கலந்தாய்வில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என 200-க்குத்தான் கட்-ஆஃப். ஆடியதற்காக அதில் அரை மதிப்பெண்கூட ஏறாது. விளையாட்டுப் பிரிவுக்கென்று 500 இடங்கள் தனியாக உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் இந்தியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஆடியவர்கள் முன்னால் நிற்பார்கள். 2024-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டு வீரர்களுக்குக் கூடுதலாக இரண்டு இடங்கள் கொடுக்க ஆரம்பித்தது. அதில் ஒன்று பெண்களுக்கு. அதற்கும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறி, தேசிய அளவில் பதக்கமும் வைத்திருக்க வேண்டும். மாநிலப் போட்டியில் முதல் சுற்றோடு திரும்பிய சான்றிதழை மட்டும் நம்பி இந்த வாசல்களில் போய் நிற்க வேண்டாம், அம்மா.

உங்கள் மகளுக்கு உண்மையிலேயே திறக்கக்கூடிய வாசல் வேறு. எத்திராஜ், எம்.ஓ.பி. வைஷ்ணவ் மாதிரி கலை அறிவியல் கல்லூரிகள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மாணவிகளைச் சேர்க்கின்றன. வாலிபால் என்றால் எஸ்.ஆர்.எம். அணிக்குத் தனிப் பெயர் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் சான்றிதழைப் பார்ப்பார்கள், ஆனால் அதோடு விடமாட்டார்கள். டிரையல்ஸுக்குக் கூப்பிட்டு ஆட வைப்பார்கள். அணியில் எந்த இடம் காலியாகிறது என்பதும் அங்கே ஒரு கணக்கு. அந்த வருடம் அவர்களுடைய செட்டர் படிப்பு முடித்துப் போகிறாள் என்றால், உயரமான அட்டாக்கரைவிட நல்ல செட்டருக்குத்தான் கிராக்கி. மாநிலப் பதக்கம் இல்லாத பெண்ணும் அந்த இரண்டு மணி நேரத்தில் மனசில் நிற்க முடியும்.

இப்போது உங்கள் கணவரின் யோசனையை எண்ணிப் பாருங்கள். ஒரு வருடம் பந்தைத் தொடாதவள், பரீட்சை முடிந்த கையோடு டிரையல்ஸில் இறங்கினால் என்ன ஆவாள்? செட்டருக்கு விரல்தான் மூலதனம். பழக்கம் விட்டால் முதலில் போவது அந்தத் தொடுகைதான். அவளுக்கு இருக்கும் ஒரே வாசலையும் நாமே சாத்துவதாகிவிடும். பத்தாம் வகுப்போடும் பிளஸ் டூவோடும் எத்தனை பெண் பிள்ளைகள் மைதானத்தை விட்டுப் போனார்கள் என்று பார்த்தவள் நான். அவர்களில் யாரும் அந்த நேரத்தை முழுக்கப் புத்தகத்தில் போட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அவர் பயம் நியாயமானதுதான். எந்தக் கோட்டாவானாலும் பிளஸ் டூ மதிப்பெண் வேண்டும். அதனால் பிளஸ் டூவில் தினசரிப் பயிற்சியை வாரம் மூன்று நாளாக்குங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு அப்புறம் வெளியூர்ப் போட்டிகள் வேண்டாம். மாலையில் முக்கால் மணி நேரம் பந்து கையில் இருந்தால் போதும்.

சான்றிதழ்களை இன்றே எடுத்துப் பாருங்கள். அவள் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும். தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியா? ஏதாவது பிழை இருந்தால், இப்போதே பி.டி. சாரிடம் சொல்லித் திருத்தி வாங்குங்கள். கலந்தாய்வு நேரத்தில் அலைய முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு உங்கள் கணவரையே அவளோடு அனுப்புங்கள். 'மாநில அணித் தேர்வுக்கு இவளை அனுப்புவீர்களா?' என்று கோச்சிடம் அவரே கேட்கட்டும். 'ஆம்' என்றால் அந்த 500 இடங்களையும் கணக்கில் சேர்க்கலாம். 'இல்லை' என்றால், அவளுக்குப் பிடித்த பாடமும் வாலிபால் அணியும் இருக்கிற கல்லூரிகளாகப் பார்த்து, டிரையல்ஸ் எப்போது என்று விசாரிக்கத் தொடங்குங்கள்.