வகுப்பு அடங்காதபோது: விசுவாசியான ஆசிரியர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

இருபத்தெட்டு வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்று ஓய்வு பெற்றவள் நான். இளைய ஆசிரியர்கள் கேட்ட கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த வேதத்தையும் பட்ட அடிகளையும் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். உள்ளே நுழைந்ததுமே மேஜையைத் தட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஜெபித்துவிட்டுத்தான் போகிறேன். ஆனால் பத்தே நிமிஷத்தில் கத்திவிடுகிறேன், வீட்டுக்கு வந்து அழுகிறேன். தேவன் என்னை இந்த வேலைக்கு அழைக்கவே இல்லையோ?

தங்கச்சி, முதலில் ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு மதியம் சாப்பிட்டீர்களா?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய ஜெயத்தைக் கண்ட எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, "போதும் கர்த்தாவே" என்கிறார். கர்த்தர் அங்கே அவருடைய அழைப்பைப் பற்றி விவாதிக்கவில்லை. தூங்க விட்டார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்க விட்டார், மறுபடி சாப்பிட வைத்தார். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. ஆகவே, அழைப்பு உண்டா இல்லையா என்ற முடிவைக் கடைசி மணி அடித்த கையோடு எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் எந்த ஆசிரியருக்கும் அழைப்பு இருக்காது!

அடுத்தது எண்ணாகமம் 11. வனாந்தரத்தில் அழுது முறுமுறுத்த ஜனங்களைப் பற்றி, "இவர்களைப் பெற்றது நானோ?" என்று மோசே தேவனிடமே சண்டைக்குப் போகிறார். இந்தப் பாரத்தை ஒருவனாகத் தாங்க முடியாது என்கிறார். தேவன் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை, பாரத்தைப் பகிர்ந்துகொள்ள எழுபது பேரைக் கொடுத்தார். உங்கள் கஷ்டம் பள்ளியில் வேறு யாருக்காவது தெரியுமா? நான் இரண்டு வருஷம் வெட்கப்பட்டு மறைத்தேன். கடைசியில் பக்கத்து வகுப்பு மூத்த டீச்சரிடம் சொன்னபோது, அவர் ஒரு பீரியட் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வெளியே வந்து ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "நீ பாதி நேரம் பலகையோடு பேசிக்கொண்டிருக்கிறாய், பிள்ளைகள் உன் முதுகைத்தான் பார்க்கிறார்கள்." இரண்டு வருஷ அழுகையில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்தது.

கத்தாமல் எப்படி அடக்குவது? "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" என்ற வசனம் எனக்கும் தெரியும். ஆனால் மெதுவாகப் பேசினால் யாருக்கும் கேட்கவே இல்லை.

சத்தத்துக்கு மேலே பேசினால் கேட்காதுதான். சத்தம் அடங்கும்வரை பேசாதீர்கள். அவர்களுக்கு முன்னால் நீங்கள் போய் வாசலில் நில்லுங்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே விடுங்கள். உட்கார்ந்ததும் செய்ய ஒரு சின்ன வேலை பலகையில் எழுதியிருக்கட்டும். சும்மா இருக்கும் முதல் மூன்று நிமிஷத்தில்தான் வகுப்பு கைமீறிப் போகிறது. மேஜை தட்டுகிறவன் பக்கத்தில் போய், பாடத்தை நிறுத்தாமல், அவன் புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நில்லுங்கள். அவனைப் பார்க்கக்கூட வேண்டாம்.

முதல் வாரம் இது பலிக்காது. உங்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். இரண்டாவது வாரமும் அதே வாசலில் நிற்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள்.

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று வேதமே சொல்கிறதே? எங்கள் பள்ளியில் அடிக்கிற ஆசிரியரின் வகுப்புதான் அமைதியாக இருக்கிறது.

தம்பி, அந்த வசனம் தகப்பனையும் மகனையும் பற்றிப் பேசுகிறது. இன்னொருவர் பிள்ளையின்மேல் கை வைக்க அதை உரிமைச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. நான் உங்களை வேறோரிடத்துக்குக் கூட்டிப்போகிறேன். வனாந்தரத்தில் ஜனங்கள் தண்ணீரில்லாமல் தவித்தபோது, ரெவிதீம் என்ற இடத்தில், கன்மலையை அடி, தண்ணீர் வரும் என்று தேவன் மோசேயிடம் சொன்னார். வருஷங்கள் கழித்துக் காதேசில் மறுபடி தண்ணீர் இல்லாதபோது, கன்மலையைப் பார்த்துப் பேசு என்றார். மோசேக்கு அன்றைக்கு ஆத்திரம். "கலகக்காரரே, கேளுங்கள்" என்று சொல்லிக் கோலினால் இரண்டு தரம் அடித்தார். என்ன நடந்தது? தண்ணீர் வந்தது. ஏராளமாக வந்தது. சிக்கலே அதுதான். அடித்தால் பலன் கிடைக்கிறது. ஆனால் அந்த அடியினால் மோசே, தேவன் வாக்குப்பண்ணின கானான் தேசத்துக்குள் போகவில்லை.

நீங்கள் சொல்லும் அமைதியும் அந்தத் தண்ணீர் மாதிரிதான். நானும் ஒருநாள் டஸ்டரை வீசியிருக்கிறேன். குறி தப்பிச் சுவரில் பட்டது. வகுப்பு கப்சிப். முன் பெஞ்சில், எந்தத் தப்பும் செய்யாத ஒரு பெண், தலையைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் ஒரு சந்தேகம்கூட என்னிடம் கேட்கவில்லை.

அப்படிக் கத்திவிட்டால் மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்கலாமா? மரியாதை போய்விடாதா?

கேளுங்கள். "நேற்று நான் கத்தியது தவறு, மன்னியுங்கள்." அவ்வளவுதான். "நீங்களும் அப்படி நடந்திருக்கக் கூடாது" என்று வால் ஒட்டினால் அது மன்னிப்பே இல்லை.

வகுப்பே ஒருவனால்தான் கெடுகிறது. அவனை என்ன செய்வது?

மத்தேயு 18:15. "நீயும் அவனும் தனித்திருக்கையில்." சபைக்குச் சொன்னது, ஆனால் வகுப்புக்கும் எனக்கு இதைவிட நல்ல வழி தெரியாது. நாற்பது பேர் பார்க்கும்போது திட்டினால் அவன் அந்த நாற்பது பேருக்காகத்தான் பதில் சொல்வான்.

எனக்கும் ஒருவன் இருந்தான். வரிசையாக எழுந்து வாசிக்கச் சொன்னால், தன் முறைக்கு இரண்டு பேர் இருக்கும்போது ஜாமெட்ரி பாக்ஸைக் கீழே தள்ளிவிடுவான். ஒரே கூச்சல். நானும் அவனை வெளியே அனுப்புவேன். இப்படியே பல வாரம் போனது. ஒருநாள் தனியே உட்கார வைத்துப் புத்தகத்தை நீட்டினேன். அவனால் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடிந்தது. வெளியே நிற்பதுதான் அவனுக்குத் தேவைப்பட்டிருக்கிறது, நானும் தவறாமல் கொடுத்து வந்திருக்கிறேன்! மறுநாளிலிருந்து அவன் வாசிக்கப்போகும் பத்தியை முந்தின நாளே சொல்லிவிடுவேன். பாக்ஸ் விழுவது நின்றது. மற்றக் குறும்புகள் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மன்னித்துக்கொண்டே இருந்தால் ஏமாளி என்று நினைக்க மாட்டார்களா?

மன்னிப்பது என்றால் மனதில் வைத்துக்கொள்ளாதது. கொட்டினவன் துடைக்கத்தான் வேண்டும். துடைத்து முடித்த பிறகு, நாளைக்கு அதை எடுத்துச் சொல்லிக் காட்டாதீர்கள்.

நான் ஞாயிறு பள்ளி ஆசிரியர். ஆண்டவருடைய வீட்டிலேயே இப்படி ஓடுகிறார்களே!

ஞாயிறு பள்ளி பரவியதே ஓடுகிற பிள்ளைகளால்தான். 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில், வாரமெல்லாம் வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தெருவில் ரகளை செய்த சிறுவர்களைப் பார்த்துத்தான் ராபர்ட் ரெய்க்ஸ் தன் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். கதையைப் பாதியாகக் குறையுங்கள், நடித்துக் காட்டச் சொல்லுங்கள். இஸ்ரவேலர் எரிகோ பட்டணத்தின் மதிலைச் சுற்றி வந்த கதையில், அவர்களையும் சுற்றி வரச் சொன்னால் ஓடுவதே பாடமாகிவிடும்.

வருஷம் முடியப்போகிறது. ஒரு மாற்றமும் தெரியவில்லை.

மாற்கு, பவுலோடும் பர்னபாவோடும் ஊழியப் பயணம் புறப்பட்டு, பாதி வழியில் விட்டுவிட்டுப் போனவர். அவரை மறுபடி சேர்ப்பதா வேண்டாமா என்று பவுலும் பர்னபாவும் சண்டை போட்டுப் பிரிந்தே போனார்கள். அதே பவுல் கடைசிக் காலத்தில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார். நடுவில் எத்தனையோ வருஷம். உங்களுக்குக் கிடைத்திருப்பது பத்து மாதம்.

இந்தப் பிள்ளைகளுக்காக எப்படி ஜெபிப்பது?

வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, தினம் ஐந்து பெயர். பிடித்தவர்களுக்குத் தானாக வார்த்தை வரும். ஒரு பெயரில் மட்டும் எனக்கு நாக்கு எழாது. "ஆண்டவரே, நாளைக்கு இவன் லீவு போடட்டும்" என்றுதான் முதல் வாரம் முழுக்க ஜெபித்தேன். அந்த வருஷம் அவன் ஒருநாள்கூட லீவு போடவில்லை.