47 பீப்பாய் கோழியும் ஒரு கூடை மீனும்

அன்புள்ள ஐயா,

சட்டம் படிக்கிறேன். சிகாகோ குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் இருந்த 47 பீப்பாய் கோழிக்கறி அழுகிவிட்டது, அழிக்க வேண்டும், ஒப்படையுங்கள் என்றது நகர நிர்வாகம். கிடங்கு நிறுவனம் மறுத்து வழக்காடியது. முன்விசாரணை தேவையில்லை என்று 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடையவரைக் கேட்காமல் அழிப்பது இயற்கை நீதிக்கு விரோதமில்லையா? பறித்ததை ஏழைகளுக்காவது கொடுக்கலாமே? அங்கே சரக்கின் மீதே வழக்குப் போடுவதும் வேடிக்கையாக இருக்கிறது.

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு மீன்கூடையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரக்கின் மீது வழக்குப் போடுவதில் வேடிக்கை இல்லை. அனுப்பியவன் வேறு மாநிலத்தில் இருப்பான். சரக்கு கண்முன் இருக்கும். 1906-ஆம் வருடத்துத் தூய உணவுச் சட்டம் அதைத்தான் பிடித்தது. 40 பீப்பாய், 20 சிறுபீப்பாய் கொக்கோ கோலா பிரதிவாதியாக 1916-இல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்ற வரியைத் திரும்ப வாசியுங்கள். அழுகிய கறி ஏழை வயிற்றில் மட்டும் நல்ல கறியாகிவிடுமா? சட்டம் படிக்கிற பெண்ணுக்கு இதை எழுதக் கை எப்படி வந்தது?

சிகாகோ நிறுவனமும் சாமர்த்தியமாகத்தான் வாதாடியது. சரக்கு குளிரில் கிடக்கிறது, அழிக்க என்ன அவசரம் என்று. நீதிமன்றம் மசியவில்லை. அழித்தபிறகு, நல்ல கறிதான் என்று நிரூபித்து நஷ்டஈடு வாங்கிக்கொள் என்றது. சரியான தீர்ப்பு. விசாரணை காத்திருக்கும், சாப்பிட்ட வயிறு காத்திருக்காது. ஆனால் அந்த ‘பிறகு’ யாருக்கு உண்டு? அதையல்லவா நீங்கள் கேட்டிருக்க வேண்டும்!

எனக்குப் பத்து வயதிருக்கும். சந்தையில் நகராட்சி ஆட்கள் ஒரு கூடைச் சாளையைத் தரையில் கவிழ்த்துப் பினாயிலை ஊற்றினார்கள். எங்களுக்குக் கடன் சொல்லி மீன் தருகிற அக்காவின் கூடை. அம்மா குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கினாள். சிவப்பாக இருந்தது. நல்ல மீன்! தண்டலுக்கு வாங்கிய முதல் அது. கிடங்கு நிறுவனத்துக்கு வக்கீல் இருந்தார். இவள் எதைக் காட்டி வழக்காடுவாள்? சாட்சியும் பினாயிலில் போயிற்று.

1954-ஆம் வருடத்து நம் கலப்படத் தடைச் சட்டம், எடுக்கிற மாதிரிக்கு விலை கொடு என்றது, அதை மூன்று பங்காக்கு என்றது. ஒரு பங்கு சோதனைக்குப் போனாலும் மற்றவை இருக்கும். எல்லாம் இந்தப் ‘பிறகு’க்காகத்தான். முன்விசாரணைக்காக மல்லுக்கு நிற்காதீர்கள். அழிக்கும் முன் ஒரு பங்கை எடுத்து வை, கூடைக்காரிக்குச் சீட்டு எழுதிக் கொடு என்று கேளுங்கள். சிவந்த செவுளோடு ஒரே ஒரு சாளை பனிக்கட்டியில் இருந்திருந்தால் போதும்.

அன்று சாயங்காலம் பழைய பாக்கியைக் கொடுத்துவரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். அக்கா குழாயடியில் உட்கார்ந்து கூடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காசை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு, வாடை போய்விட்டதா பார் என்று கூடையை என் முகத்தருகே நீட்டினாள். போய்விட்டது என்று சொன்னேன். போகவில்லை.