டாம்கேட் சுற்றிக்கொண்டே நிற்கிறது, ஏஎஸ்/400 பக்கம் எங்கே தேடுவது?

கேள்வி இதுதான்: டாம்கேட் என்ற வெப் சர்வரில் ஓடும் ஜாவா வெப் புரோகிராம், ஜேடிஓப்பன் என்ற டேட்டாபேஸ் டிரைவர் வழியாக ஐபிஎம் ஐ இயந்திரத்தோடு பேசுகிறது. பாதி நாள் ஒழுங்காக ஓடுகிறது, திடீரென்று பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஜாவா லாக்கில் உருப்படியாக எதுவும் இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

ஐபிஎம் ஐ என்பது 1988-இல் வந்த ஏஎஸ்/400-இன் இன்றைய பெயர். நடுவில் ஐசீரிஸ், சிஸ்டம் ஐ என்றெல்லாம் பெயர் மாறியது. ஆபீஸில் வாயில் வருவது இன்னும் ஏஎஸ்/400 தான், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஜாவா லாக்கை மூடிவைத்துவிட்டு, ஏஎஸ்/400 பக்கத்து ஜாப்பை, அதாவது அங்கே ஓடும் வேலையைப் பிடியுங்கள். ஒவ்வொரு ஜேடிபிசி (ஜாவா டேட்டாபேஸோடு பேசும் வழி) இணைப்புக்கும் ஏஎஸ்/400-இல் தனியாக ஒரு சர்வர் ஜாப் இருக்கும். பெயர் கியூ-இசட்-டாசோ-இனிட், சுருக்கமாக டாசோ. வழக்கமாக கியூ-யூசர்-வொர்க் சப்சிஸ்டத்தில் ஓடும். சிக்கல் என்னவென்றால் இந்த டாசோ ஜாப்கள் எல்லாம் ஒரே பெயரில், ஒரே கியூ-யூசர் என்ற பயனர் பெயரில்தான் பட்டியலில் நிற்கும். கரண்ட் யூசர் பத்தியைப் பார்க்கலாம். ஆனால் வெப் ஆப் முழுவதும் ஒரே சர்வீஸ் புரொஃபைலில் உள்ளே போகிறது என்றால் அங்கேயும் ஐம்பது வரியில் ஒரே பெயர்தான்.

அதனால் இணைப்பை எடுக்கும் இடத்திலேயே ஜாப் பெயரைக் கேட்டு ஜாவா லாக்கில் எழுதிவிடுங்கள். ‘வேல்யூஸ் கியூசிஸ்2.ஜாப்_நேம்’ என்ற ஒரு வரி எஸ்கியூஎல் போதும்: எண், பயனர், ஜாப் பெயர் மூன்றும் சாய்கோடு போட்டு ஒன்றாக வரும். டிரைவரின் இணைப்பு வகுப்பில் உள்ள கெட்-சர்வர்-ஜாப்-ஐடென்டிஃபையர் மெத்தடும் இதையே தரும், வரிசைதான் வேறு: பெயர் 10 எழுத்து, பயனர் 10, எண் 6. பிறகு பக்கம் நின்ற நொடியில் எந்த 6 இலக்க ஜாப் என்று உங்களுக்கே தெரியும். இதைச் செய்யாமல் டீபக் செய்வது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி.

ஜாப்பைப் பிடித்ததும் வொர்க்-ஆக்டிவ்-ஜாப் திரையில் ஸ்டேட்டஸ் பாருங்கள். டைம் வெயிட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் ஏஎஸ்/400 தன் பதிலைக் கொடுத்துவிட்டது, அடுத்த கேள்விக்காகக் காத்திருக்கிறது. தப்பு ஜாவா பக்கம். ஜேஸ்டாக் (ஜாவா த்ரெட்கள் எங்கே நிற்கின்றன என்ற பட்டியல்) எடுத்து அங்கே தேடுங்கள். மெசேஜ் வெயிட், லாக் வெயிட் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

லாக் வெயிட்தான் அதிகம் ஏமாற்றும். பில் எண் கொடுக்கும் கன்ட்ரோல் ஃபைல் ஒன்று இருக்கிறது, அதில் ஒரே ஒரு ரெக்கார்டு என்று வையுங்கள். பச்சைத் திரையில், அதாவது ஏஎஸ்/400-இன் பழைய எழுத்துத் திரையில், ஒருவர் பில் போடும் புரோகிராமைத் திறக்கிறார். அந்த ஆர்பிஜி (ஏஎஸ்/400-இன் புரோகிராம் மொழி) புரோகிராம், அப்டேட்டுக்குத் திறந்த ஃபைலில் செயின் செய்த (கீ கொடுத்துப் படித்த) உடனே ரெக்கார்டைப் பூட்டிவிடும். அவர் என்டர் தட்டாமல் டீ குடிக்கப் போய்விட்டார். ஃபைல் உருவாக்கும்போது ரெக்கார்டு காத்திருப்பு நேரத்தை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள், இயல்பு மதிப்பு 60 வினாடி. வெப்பிலிருந்து வரும் ஒவ்வொரு புது பில்லும் 60 வினாடி நின்று, பிறகு எஸ்கியூஎல் 0913 பிழையோடு விழும். ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கின் ஹிகாரி பூலில் (திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) இயல்பாக 10 இணைப்புதான். பத்தும் இப்படி மாட்டிக்கொண்டால் பதினோராவது ஆள் 30 வினாடி காத்திருந்துவிட்டு ‘இணைப்பு கிடைக்கவில்லை’ என்ற செய்தியைப் பார்ப்பார். அதுதான் ஜாவா லாக்கில் முதலில் கண்ணில் படும். உடனே யாராவது பூல் அளவை 50 ஆக்குவார். இப்போது ஐம்பது பேர் நிற்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரியாக 60 வினாடியில் விழுந்தால் லாக்கைச் சந்தேகப்படுங்கள். டிஸ்பிளே-ரெக்கார்டு-லாக் கட்டளையை அந்த ஃபைல் மேல் ஓட்டினால் எந்த ஜாப் பிடித்திருக்கிறது, எந்த ஜாப் காத்திருக்கிறது என்று இரண்டும் தெரியும். நிரந்தரத் தீர்வு ஆர்பிஜி பக்கம்தான்: திரையில் காட்டப் படிக்கும்போது லாக் இல்லாத செயின், அதாவது என் எக்ஸ்டென்டர் போட்டது, சேமிக்கும் நொடியில் மறுபடி லாக்கோடு படித்து அப்டேட். அதுவரைக்கும் ஃபைலின் அமைப்பை மாற்றும் சேஞ்ச்-பிஎஃப் கட்டளை கொண்டு காத்திருப்பை 5 வினாடி ஆக்கினால் பூலாவது பிழைக்கும்.

மெசேஜ் வெயிட் இன்னும் மோசம், அதற்கு 60 வினாடிக் கணக்குக்கூடக் கிடையாது. யாராவது பதில் சொல்லும்வரை ஜாப் நிற்கும். கேள்வி கியூசிஸ்-ஆபரேட்டர் மெசேஜ் கியூவில் கிடக்கும், வெப் ஆட்கள் அந்தப் பக்கம் எட்டியே பார்க்க மாட்டார்கள். பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, ஸ்டோர்டு புரொசீஜராக அழைத்த ஆர்பிஜி புரோகிராம் உள்ளே வெடித்து ‘சி, டி, எஃப்’ (ரத்து செய்வதா, டம்ப் எடுப்பதா) என்று விருப்பம் கேட்கிறது. இரண்டு, டிடிஎஸ்-இல் (ஏஎஸ்/400-இன் பழைய ஃபைல் விவரிப்பு முறை) உருவாக்கிய ஃபைல் நிரம்பிவிட்டது. அப்படிப்பட்ட ஃபைலின் இயல்பு அளவு 10000 ரெக்கார்டு, அதன்மேல் ஆயிரம் ஆயிரமாக மூன்று முறை கூட்டும். 13000 தாண்டினால் ‘மெம்பர் நிரம்பிவிட்டது’ என்று கேட்டு நிற்கும். அதற்கு சேஞ்ச்-பிஎஃப்பில் அளவை ‘நோமேக்ஸ்’ (வரம்பில்லை) ஆக்கிவிடுங்கள். எஸ்கியூஎல் கிரியேட் டேபிள் வழியாக வந்த டேபிளுக்கு இந்தத் தொல்லை இல்லை. முதல் காரணத்துக்கு ஆர்பிஜியில் பிழையைப் பிடிக்கும் மானிட்டர் பிளாக் போட்டு, பிழையை அளபுருவாகத் திருப்பி அனுப்ப வேண்டும்.

எஸ்கியூஎல் கிளையண்டில் ஓடுகிற இன்சர்ட், வெப்பில் எஸ்கியூஎல் 7008 என்று விழுகிறதா? ஃபைல் ஜர்னலில் (மாற்றங்களைப் பதியும் பதிவேடு) இல்லை. கிளையண்ட் ஆட்டோகமிட்டில் ஓடுகிறது, அப்போது இந்த டிரைவர் இயல்பாகக் கமிட்மென்ட் கன்ட்ரோல் (மாற்றங்களை மொத்தமாக உறுதிசெய்யும் அல்லது திரும்பப் பெறும் வசதி) இல்லாமலே எழுதிவிடும். ஸ்பிரிங்கின் டிரான்சாக்ஷனல் ஆட்டோகமிட்டை அணைக்கிறது, உடனே ஜர்னல் கட்டாயமாகிறது. ஸ்டார்ட்-ஜர்னல்-பிஎஃப் போடுவதுதான் முறை. ஐசொலேஷனை ‘நன்’ ஆக்கித் தப்பிக்கலாம், ஆனால் ரோல்பேக் என்ற சொல்லை அதன்பிறகு மறந்துவிட வேண்டும்.

எஸ்கியூஎல் 0204, அதாவது டேபிளே இல்லை என்று வந்தால் இணைப்புச் சரத்தின் நேமிங் பண்பைப் பாருங்கள். ‘சிஸ்டம்’ என்றால் லைப்ரரி லிஸ்ட்டில் தேடும். ‘எஸ்கியூஎல்’ என்றால் தேடாது. லைப்ரரிகளில் முதலாவதையே ஸ்கீமாவாக எடுத்துக்கொள்ளும், அதுவும் கொடுக்கவில்லை என்றால் பயனர் பெயரில் ஸ்கீமா தேடும்.

பெயர் வரவேண்டிய இடத்தில் ‘சி1சி2சி3404040’ மாதிரி வந்தால் பயப்படாதீர்கள். எப்சிடிக் என்ற ஐபிஎம் எழுத்துக் குறியீட்டில் சி1 என்றால் ஆங்கில முதல் எழுத்து, 40 என்றால் வெற்றிடம், எஃப்0 முதல் எஃப்9 வரை இலக்கங்கள். அந்தப் பத்தியின் சிசிஎஸ்ஐடி (எழுத்துக் குறியீட்டு எண்) 65535, அதாவது ‘மொழிபெயர்க்காதே’. டிரான்ஸ்லேட் பைனரி பண்பை ட்ரூ ஆக்கினால் எழுத்து வந்துவிடும். ஆனால் அது உண்மையான பைனரி பத்திகளையும் சேர்த்து மாற்றிக் கெடுக்கும். ஃபைலுக்குச் சரியான சிசிஎஸ்ஐடி கொடுப்பதே நல்லது.

இதையெல்லாம் தாண்டி, ‘ஒருவர் கேட்ட தகவல் இன்னொருவருக்குத் தெரிகிறது’ என்ற புகார் வந்தால் பூலிங்கைச் சந்தேகப்படுங்கள். ஜாவாவில் இணைப்பை மூடினால் அது பூலுக்குத்தான் திரும்புகிறது, டாசோ ஜாப் சாவதில்லை. கியூடெம்ப்பில் (ஜாப்புக்கு மட்டுமான தற்காலிக லைப்ரரி) முந்தைய ஆள் உருவாக்கிய ஃபைல் அப்படியே கிடக்கும், ஆர்பிஜி எல்ஆர் இன்டிகேட்டரை (புரோகிராமை முழுதாக முடிக்கச் சொல்லும் குறி) அணைத்தபடி திரும்பியிருந்தால் அதன் மாறிகளும் பழைய மதிப்போடு இருக்கும். பச்சைத் திரையில் ஒரு ஆளுக்கு ஒரு ஜாப், அதனால் இருபது வருடமாக வெளியே தெரியாத தப்பு இங்கே தெரிகிறது. புரோகிராமின் முதல் வேலையே கியூடெம்ப் ஃபைலைக் காலி செய்வது, மாறிகளைத் துடைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்பிஜிக்குள் வரி வரியாகப் பார்க்க வேண்டுமா? சோதனைச் சூழலில் பூல் அளவை 1 ஆக்குங்கள், அப்போதுதான் எந்த ஜாப் என்பதில் குழப்பம் வராது. புரோகிராமை டீபக் வியூ ‘சோர்ஸ்’ கொடுத்துக் கம்பைல் செய்யுங்கள். பச்சைத் திரையில் ஸ்டார்ட்-சர்வீஸ்-ஜாப் கட்டளைக்கு அந்த டாசோ ஜாப்பின் எண், பயனர், பெயர் மூன்றையும் கொடுங்கள். அடுத்து ஸ்டார்ட்-டீபக், எஃப்6 தட்டிப் பிரேக்பாயின்ட். பிறகு பிரவுசரில் பட்டனை அழுத்தினால் திரை அந்த வரியில் நிற்கும். ஸ்டார்ட்-டீபக்கில் ‘அப்டேட் புரொடக்ஷன்’ அளபுரு இயல்பாக ‘நோ’. உங்கள் ஃபைல் புரொடக்ஷன் வகை லைப்ரரியில் இருந்தால் அப்டேட்டே விழுந்து, இல்லாத ஒரு பிழையை நீங்கள் துரத்துவீர்கள். முடித்ததும் எண்ட்-டீபக், எண்ட்-சர்வீஸ்-ஜாப் இரண்டும் வரிசையாக.

ஜாப்லாக் (அந்த ஜாப்பின் செய்திப் பதிவு) கைக்கு வருவதற்குள் மறைந்துவிடுகிறது என்றால் இணைப்புச் சரத்தில் சர்வர் டிரேஸ் 12 போடுங்கள். 4 என்றால் சர்வர் ஜாப்பில் டீபக், 8 என்றால் ஜாப் முடியும்போது ஜாப்லாக்கைச் சேமி, இரண்டும் கூட்டி 12. உற்பத்திச் சூழலில் மறந்துவிட்டு வந்தால் ஸ்பூல் ஃபைல் (அச்சுக்குக் காத்திருக்கும் வெளியீடு) குவியும்.

இணைப்பே கிடைக்கவில்லை என்றால் வேலை எளிது. ‘மறுக்கப்பட்டது’ என்று உடனே வந்தால் ஹோஸ்ட் சர்வர் ஓடவில்லை. ஐபிஎல் (இயந்திரத்தின் ரீஸ்டார்ட்) முடிந்ததும் ஸ்டார்ட்-ஹோஸ்ட்-சர்வர் போட மறந்திருப்பார்கள். நெடுநேரம் நின்று டைம்அவுட் ஆனால் ஃபயர்வால். டேட்டாபேஸுக்கான 8471 போர்ட் மட்டும் திறந்தால் போதாது, 8476 சைன்ஆனுக்கு, 449 போர்ட் மேப்பருக்கு. புரோகிராம் கால் செய்தால் 8475-உம் வேண்டும். டிஎல்எஸ் என்றால் 9471, 9476, 9475.

பாஸ்வேர்டு மாற்றிய அன்று சர்வீஸ் புரொஃபைல் முடங்கினால், பழைய பாஸ்வேர்டோடு எங்கோ ஒரு டாம்கேட் இன்னும் கதவைத் தட்டுகிறது. கியூமேக்ஸ்சைன் (எத்தனை தவறான சைன்ஆன் வரை அனுமதி) மதிப்பு 3 என்றால் ஒரு பூல் அதைச் சில நொடியில் தீர்த்துவிடும். முதலில் எல்லா டாம்கேட்டையும் நிறுத்திவிட்டுப் பிறகு புரொஃபைலை எனேபிள் செய்யுங்கள். கூடவே இணைப்புச் சரத்தில் பிராம்ப்ட் பண்பை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இந்த டிரைவர் சைன்ஆன் பெட்டியைத் திறக்கப் பார்க்கும். திரை இல்லாத லினக்ஸ் சர்வரில் அது ஹெட்லெஸ் எக்செப்ஷனாக வரும், திரை இருக்கும் விண்டோஸ் சர்வரில் யார் கண்ணிலும் படாத பெட்டி ஒன்று திறந்தபடி டாம்கேட் நிற்கும்.