தானம் கேட்டு வரும் கைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நன்கொடை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கழுத்தில் அட்டை மாட்டிய ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்து, முதியோர் இல்லத்துக்கு நன்கொடை கேட்டார். ரொக்கம் வேண்டாம், பேநவ் (வங்கிச் செயலி வழி உடனடிப் பணப் பரிமாற்றம்) செய்தால் போதும் என்றார். 50 வெள்ளி அனுப்பிய பிறகுதான் சந்தேகம் வந்தது. அவர் உண்மையானவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஈசூன் வாசகி)

கழுத்து அட்டையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். அதனால் அட்டையின் அழகைப் பார்க்காமல் அதில் உள்ள அனுமதி எண்ணைப் பாருங்கள். வீடு வீடாகவோ தெருவிலோ பணம் திரட்ட சிங்கப்பூரில் முன்கூட்டியே உரிமம் பெற வேண்டும். அதைக் காவல்துறை தரும். சமூக சேவை அமைப்புகளுக்குத் தேசிய சமூக சேவை மன்றமும் தரும். அறநிறுவன ஆணையரின் இணையவாசலில் அந்த எண்ணையும் அமைப்பின் பெயரையும் தேடிப் பார்க்கலாம். உரிமத்துக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. போன மாதம் முடிந்துபோன உரிமத்தைக் காட்டினால் அது செல்லாது.

பேநவ் விஷயத்தில் ஒரு தவறை நிறையப் பேர் செய்கிறார்கள். யூஇஎன் எனப்படும் நிறுவனப் பதிவு எண் இருந்தால் நம்பலாம் என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. பெட்டிக்கடை நடத்தும் தனிநபர் நிறுவனத்துக்கும் யூஇஎன் உண்டு. அந்த எண் ஒரு நிறுவனம் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அது அறநிறுவனம் என்று சொல்லாது. செய்ய வேண்டியது இதுதான்: இணையவாசலில் அமைப்பின் பெயரைத் தேடி, அங்கே பதிவாகியுள்ள யூஇஎன்னைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேநவ்வில் அந்த எண்ணை நீங்களே தட்டுங்கள். சில அமைப்புகள் யூஇஎன்னின் கடைசியில் மூன்று எழுத்துகளோ எண்களோ சேர்த்துக் கூடுதல் கணக்கு வைத்திருக்கும். அது வழக்கமானதுதான், ஆனால் முன்பகுதி பொருந்த வேண்டும். உறுதிப்படுத்தும் பொத்தானை அழுத்துமுன் திரையில் பெறுநரின் பெயர் வரும். அது அமைப்பின் பெயராக இருக்க வேண்டும். தனிமனிதரின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "எங்கள் பொருளாளரின் கணக்கு" என்று சொல்வார்கள். முறையான அமைப்பு நன்கொடையைப் பொருளாளரின் சொந்தக் கணக்கில் வாங்காது.

உண்டியலில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டுக்கும் இதே விதிதான். அசல் குறியீட்டின் மேல் இன்னொன்றை ஒட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. திரையில் வரும் பெயர்தான் காட்டிக்கொடுக்கும். விரலால் தடவிப் பாருங்கள், இரண்டு அடுக்கு தட்டுப்பட்டால் அங்குள்ளவர்களிடம் சொல்லுங்கள்.

உங்கள் 50 வெள்ளியைப் பொறுத்தவரை, வங்கிச் செயலியின் பரிமாற்றப் பட்டியலில் பெறுநரின் பெயர் இருக்கும். அதை இன்றே பாருங்கள். அமைப்பின் பெயர் இருந்து, இணையவாசலிலும் அது இருந்தால் கவலை வேண்டாம். வேறு யாருடைய பெயராவது இருந்தால் கடைசிக் கேள்விக்கான பதிலில் சொல்லியிருப்பதைச் செய்யுங்கள். தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். அதே இளைஞர் அதே புளோக்கில் இன்னும் எத்தனை கதவுகளைத் தட்டியிருப்பார்!

நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு என்கிறார்கள். அப்படியானால் 100 வெள்ளி கொடுத்தால் 250 வெள்ளி திரும்ப வருமா? கோயிலுக்குக் கொடுப்பதற்கும் உண்டா? (செங்காங் வாசகர்)

வராது. கழிவு உங்கள் வருமானத்திலிருந்து கழிக்கப்படுகிறது, வரியிலிருந்து அல்ல. நீங்கள் 200 வெள்ளி கொடுத்தால் 500 வெள்ளி வருமானத்தில் கழியும். வரிக்குரிய வருமானம் 40,000 முதல் 80,000 வெள்ளிக்குள் இருப்பவருக்கு அந்த அடுக்கின் விகிதம் 7 விழுக்காடு. ஆக மிச்சமாவது 35 வெள்ளி. அந்த ஆண்டு வருமானம் போதாமல் மீந்துபோகும் கழிவை ஐந்தாண்டு வரை முன்னெடுத்துச் செல்லலாம். இந்த 250 விழுக்காட்டை 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது.

எல்லா அறநிறுவனத்துக்கும் கழிவு கிடையாது. ஐபிசி எனப்படும் பொதுநல அமைப்புத் தகுதி பெற்றவற்றுக்கு மட்டுமே உண்டு. அந்தத் தகுதிக்கும் காலவரம்பு உண்டு; இணையவாசலில் ஒவ்வோர் அமைப்பின் பெயரோடும் அந்தக் காலம் போடப்பட்டிருக்கும். கோயில் ஓர் அறநிறுவனமாகப் பதிவாகியிருக்கலாம், ஆனால் ஐபிசி தகுதி இல்லையென்றால் கழிவு இல்லை. அர்ச்சனைச் சீட்டுக்கும் உபயத்துக்கும் கொடுப்பது உங்கள் பக்தி. அதை வரிக்கணக்கில் எதிர்பார்க்காதீர்கள்.

ரசீதை வருவாய் ஆணையத்துக்கு அனுப்பத் தேவையில்லை. கொடுக்கும்போது அடையாள அட்டை எண்ணை அமைப்பிடம் தந்தால் கழிவு தானாகவே உங்கள் வரிமதிப்பீட்டில் சேரும். சம்பளத்திலிருந்து மசேநி (மத்திய சேமநிதி) வழியாகச் சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்குப் போகும் தொகையும் இப்படியே சேர்ந்துவிடும். மோசடிக்காரர்கள் நுழைவதும் இந்த இடத்தில்தான்: "உங்கள் நன்கொடைக் கழிவு தயாராக இருக்கிறது, வங்கி விவரத்தை உள்ளிடுங்கள்" என்று ஓர் இணைப்பு வரும். கழிவைப் பெற நீங்கள் எதையும் உள்ளிட வேண்டியதில்லை என்பதை நினைவில் வையுங்கள். அடையாள அட்டை எண்ணையும் நீங்கள் தேடிப்போன அமைப்புக்கே கொடுங்கள், வாசலில் நிற்பவரின் காகிதத்தில் எழுதாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு தமிழ் ஊழியரின் படம் வந்தது. விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் இருக்கிறார், கட்டணம் கட்ட முடியவில்லை, இந்த எண்ணுக்குப் பேநவ் செய்யுங்கள் என்றிருந்தது. மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்? (தெம்பனிஸ், உட்லண்ட்ஸ் வாசகர்கள்)

மனசு கேட்காததுதான் இயல்பு. அந்த மனிதர் உண்மையிலேயே படுக்கையில் இருக்கலாம். ஆனால் செய்தியிலுள்ள எண் அவருடையதாக இல்லாமலும் இருக்கலாம். உண்மைச் செய்தியை எடுத்து, தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றிப் பரப்புவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பத்துக் கைகள் மாறி உங்களிடம் வரும் செய்தியில் எது முதலில் எழுதப்பட்டது என்று தெரியாது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருந்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் மருத்துவச் செலவும் மருத்துவ விடுப்புக் காலச் சம்பளமும் முதலாளியின் பொறுப்பு. வேலைக்கு அப்பாற்பட்ட நோய் என்றாலும், வேலை அனுமதிச்சீட்டு, எஸ் பாஸ் (இடைநிலைத் திறனாளருக்கான அனுமதி) ஊழியர்களுக்கு முதலாளி காப்புறுதி எடுத்தாக வேண்டும். 2023 ஜூலை 1 முதல் அதன் குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 60,000 வெள்ளி. வேலை அனுமதிச்சீட்டில் இருந்தவர் இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் முதலாளியுடையது. எனவே "உடலை அனுப்பப் பணம் இல்லை" என்ற செய்தி வந்தால் முதலில் கேட்க வேண்டியது, முதலாளி யார், மனிதவள அமைச்சுக்குத் தெரியுமா என்பதுதான். சில சமயம் முதலாளி உண்மையிலேயே கைவிட்டிருப்பார். அப்போது அந்தக் குடும்பத்துக்கு நம் 20 வெள்ளியைவிட, வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கோ அமைச்சுக்கோ நாம் செய்யும் ஓர் அழைப்பு அதிகம் பெற்றுத்தரும். இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் திரட்டிய பணம் கைக்கு வந்ததும் உரிமைக் கோரிக்கையை விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு.

காப்புறுதிக்கு மேலும் செலவு இருக்கலாம், ஊரில் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகலாம். அதற்குக் கொடுக்க விரும்பினால் செய்தியை அனுப்பியவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த மருத்துவமனை, அங்குள்ள மருத்துவச் சமூகப் பணியாளரோடு யார் பேசிக்கொண்டிருக்கிறார், பணம் நேரே யார் கணக்குக்குப் போகிறது? விவரம் தெரிந்தவர் உடனே சொல்வார். "இப்போது கேள்வி கேட்கும் நேரமா?" என்று கோபப்பட்டால் ஒதுங்கிவிடுங்கள். நிதி திரட்டும் தளம் வழியாக வந்திருந்தால் சற்று நிம்மதி. ரே ஆஃப் ஹோப், கிவ் ஏஷியா, கிவிங் எஸ்ஜி போன்றவற்றுக்கு 2018 முதல் இணைய நிதிதிரட்டு நடைமுறைக் கோட்பாடு இருக்கிறது. அப்போதும் செய்தியில் உள்ள இணைப்பை அழுத்தாமல் தளத்தை நீங்களே திறந்து அந்தப் பெயரைத் தேடுங்கள். தளத்தின் முகப்பைப் போலவே போலிப் பக்கம் செய்வது கடினமில்லை.

ஊரில் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் குடமுழுக்கு. இங்கே இருக்கும் ஊர்க்காரர்களிடம் வசூலித்து அனுப்ப நினைக்கிறோம். நாங்கள் சிலர் சிங்கப்பூரர், சிலர் இந்தியக் குடிமக்கள். ஏதும் சிக்கல் உண்டா? (ஜூரோங் வாசகர்)

உண்டு, இரண்டு பக்கமும்.

இங்கே, வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. பொதுவிதியாக, திரட்டியதில் 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும். தனிப்பட்ட முறையில் திரட்டுவதற்கும் உடனடிப் பேரிடர் நிவாரணத்துக்கும் இந்த 80 விழுக்காட்டு விதியிலிருந்து ஆணையர் விலக்கு அளிப்பதுண்டு. எனவே முகநூலில் போட்டு ஊரறிய வசூலிப்பதற்குமுன் ஆணையர் அலுவலகத்தை அணுகுங்கள். விண்ணப்பத்துக்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள்.

அங்கே, இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியில் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. சிங்கப்பூர்க் குடிமகன் அனுப்புவது கருதப்படும். ஓசிஐ எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை இருந்தாலும் அப்படித்தான். அதை வாங்கும் கோயில் நிர்வாகமோ அறக்கட்டளையோ அந்தச் சட்டத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இப்பணம் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். பதிவு இல்லாத ஊர்க்கமிட்டி வாங்கிவிட்டால், மாட்டுவது அங்கே இருக்கும் உங்கள் மாமாவும் பெரியப்பாவும்தான். எல்லார் பணத்தையும் ஒருவர் கணக்கில் சேர்த்து அனுப்புவது இந்தச் சிக்கலை மறைக்கப் பார்ப்பது போலாகிவிடும், செய்யாதீர்கள்.

மோசடியைப் பிடிக்கவும் இதே விதி உதவும். வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, அனுப்பச் சொல்லும் கணக்கு மட்டும் ஏதோ ஒரு மாவட்டத் தலைநகரின் கிளையில் இருந்தால், சொல்வது பொய் என்று அர்த்தம். இந்து சமய அறநிலையத் துறைக் கோயில் என்றால் துறையின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலிருந்தே அந்தக் கோயிலின் பக்கத்துக்குப் போங்கள். தேடுபொறியில் முதலில் விளம்பரமாக வருவதை நம்ப வேண்டாம்.

எம்ஆர்டி நிலையத்தருகே கையில் ஐபேடோடு நிற்பவர்கள் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து கழியும்படி கையெழுத்துக் கேட்கிறார்கள். இவர்கள் தொண்டூழியர்களா? அதோடு, ஏமாந்து அனுப்பிவிட்டால் அடுத்து என்ன? (பொங்கோல், ஈசூன் வாசகர்கள்)

பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். அது சட்டவிரோதம் அல்ல. ஆனால் வணிக நிதிதிரட்டுநர் என்றால் அதை உங்களிடம் சொல்ல வேண்டும். எந்த அறநிறுவனத்துக்கு, தங்களுக்கு எவ்வளவு கட்டணம் என்பதையும் சொல்ல வேண்டும். திரட்டுவதற்கான செலவு மொத்த வசூலில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. அவர்களிடம் அட்டை எண்ணையோ கணக்கு எண்ணையோ கொடுக்காமல், அமைப்பின் பெயரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் அதன் தளத்தில் நேரே கொடுங்கள். திரட்டுநரின் கட்டணம் அதில் கழியாது. நேரம் குறைவு என்று அவசரப்படுத்தினால் அதுவே போதுமான எச்சரிக்கை.

ஏமாந்துவிட்டால்: முதல் அழைப்பு உங்கள் வங்கியின் 24 மணிநேர மோசடித் தொலைபேசிக்கு. பணம் சில நிமிடங்களில் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிவிடும் என்பதால், முதலில் புலம்பி, பிறகு பிள்ளைகளைக் கேட்டு, மறுநாள் வங்கிக்குப் போவது பயன் தராது. அட்டை எண்ணோ கடவுச்சொல்லோ போயிருந்தால் வங்கிச் செயலியில் கணக்கை உடனே முடக்கும் வசதியை அழுத்துங்கள். நன்கொடைச் செயலி என்று சொல்லி ஏதாவது பதிவிறக்க வைத்திருந்தால் கைப்பேசியை விமான முறைக்கு மாற்றி, வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழையுங்கள். செய்தி, எண், பரிமாற்றத் திரை எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு காவல்துறையில் புகார் கொடுங்கள். இணையம் வழியாகவும் கொடுக்கலாம். இன்னும் பணம் அனுப்பவில்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள்.