மூக்கடைப்புக்கு உப்புநீர்: அம்மாவுக்கு எப்படி, கைக்குழந்தைக்கு எப்படி?

கேள்வி: ஐந்து நாளாகச் சளி பிடித்திருக்கிறது. மூக்கு மாறி மாறி அடைக்கிறது. என்னிடமிருந்து என் 4 மாதக் குழந்தைக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பால் குடிக்கத் தொடங்கிய இரண்டாவது நிமிடமே மார்பை விட்டுவிட்டு அழுகிறாள். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவினால் சரியாகும் என்கிறார்கள். நானே வீட்டில் கலந்து இருவருக்கும் பயன்படுத்தலாமா? தாய்ப்பால் கொடுப்பதால் ஏதும் பிரச்சினை வருமா?

பதில்: நீங்கள் வீட்டில் கலந்து தாராளமாகக் கழுவலாம், பாலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதே தண்ணீரைக் குழந்தைக்கு எடுக்காதீர்கள். அவளுக்குக் கழுவுவதே தேவையில்லை, சில சொட்டுகள் போதும்.

முதலில் குழந்தையைப் பார்ப்போம், அழுவது அவள்தானே. முதல் சில மாதங்களில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடுவார்கள். மார்பில் வாய் வைத்துவிட்டால் காற்றுக்கு மூக்கைத் தவிர வேறு வழியே கிடையாது. அது அடைத்திருந்தால் நாலு வாய் உறிஞ்சிவிட்டு, மூச்சுக்காக வாயை எடுக்க வேண்டியிருக்கிறது. பசி அடங்கவில்லை, மூச்சும் போதவில்லை, அதனால் அழுகிறாள். உங்கள் பாலை அவள் வெறுக்கவில்லை, தயவுசெய்து அப்படி நினைத்துக்கொள்ளாதீர்கள்.

மருந்துக்கடையில் குழந்தைகளுக்கான சலைன் மூக்குச் சொட்டு என்று கேளுங்கள். அதில் இருப்பது 0.9 சதவீத உப்பும் கிருமி நீக்கிய தண்ணீரும்தான். நம் உடல் திரவத்தின் உப்பளவும் ஏறக்குறைய அதுவே என்பதால் மூக்கின் உள்தோல் எரியாது. வீட்டில் கலந்தால் கை கொஞ்சம் தவறினாலும் உப்பு கூடிவிடும், கிருமி பற்றிய பயமும் இருக்கிறது. கைக்குழந்தை விஷயத்தில் அந்தச் சோதனை வேண்டாம்.

பால் கொடுப்பதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்பு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலை சற்றே பின்னால் சாய்ந்திருக்கட்டும். ஒவ்வொரு மூக்குத் துளையிலும் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள், புட்டியின் முனை மூக்கில் படக் கூடாது. ஒரு நிமிடம் பொறுங்கள். காய்ந்து ஒட்டியிருக்கும் சளி அந்த நேரத்தில்தான் இளகும். பெரும்பாலும் ஒரு தும்மல் வரும், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பிறகும் சளி தெரிந்தால் ரப்பர் பல்ப் உறிஞ்சியை எடுங்கள். மூக்கில் வைப்பதற்கு முன்பே பல்பை அழுத்திக்கொள்ள வேண்டும். வைத்த பிறகு அழுத்தினால் காற்று சளியை உள்ளேதான் தள்ளும். முனையைத் துளையின் வாயில் மட்டும் வைத்து, பிடியை மெதுவாகத் தளர்த்துங்கள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறைக்கு மேல் உறிஞ்ச வேண்டாம். அடிக்கடி உறிஞ்சினால் உள்தோல் வீங்கி, அடைப்பு இன்னும் கூடும். ஒவ்வொரு முறையும் உறிஞ்சியை வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே ஈரம் போகக் காயவையுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், மெந்தால் கலந்த களிம்பு எதையும் குழந்தையின் மூக்கிலோ மூக்கைச் சுற்றியோ தடவாதீர்கள். கற்பூரம் வலிப்பு வரை கொண்டுபோய்விடும். எண்ணெய்ச் சொட்டு விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறக்கூடும். பெரியவர்களுக்கான சைலோமெட்டாசோலின் போன்ற அடைப்பு நீக்கும் சொட்டும் அவளுக்கு ஆகாது. ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம், கொதிநீர் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, இப்போது உங்களுக்கு வருவோம். பெரியவர்களுக்குச் சொட்டு போதாது, தண்ணீர் ஓட வேண்டும். மூக்கின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். சளி கெட்டியானால் அவற்றால் தள்ள முடியாது. உப்புநீர் அதை இளக்கி, அரித்துக்கொண்டு வெளியே வருகிறது. ஜல நேத்தி என்று, குவளையால் மூக்கைக் கழுவும் யோகப் பயிற்சி செய்பவர்களுக்கு இது பழகிய விஷயம்தான்.

நான் அதிகம் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றித்தான். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நேத்திக் குவளையில் குழாய்த் தண்ணீர் ஊற்றி மூக்கைக் கழுவிய இருவர் மூளைத் தொற்றில் இறந்துபோனார்கள். காரணம் நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபா. அதைக் குடித்தால் வயிற்று அமிலம் கொன்றுவிடும். மூக்கின் மேல்பகுதியில் பட்டால் வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறிவிடும். மிக அரிதாக வரும் நோய்தான், ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் மிகச் சிலரே. குடிக்க நல்ல தண்ணீர் மூக்குக்கும் நல்லது என்று நினைக்க வேண்டாம். வீட்டில் சுத்திகரிப்பான் இருந்தாலும், 3 முதல் 5 நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்ட தண்ணீரையே எடுங்கள். மிச்சத்தைச் சுத்தமான பாத்திரத்தில் மூடிவைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள்.

250 மில்லி தண்ணீருக்கு, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. எடை பார்க்க முடிந்தால் லிட்டருக்கு 9 கிராம். அயோடின் சேர்க்காத உப்பு எரிச்சல் குறைவாக இருக்கும். கூடவே ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் இன்னும் இதமாக இருக்கும். எரிகிறதே என்று உப்பைக் குறைக்கிறார்கள் சிலர். வெறும் தண்ணீர்தான் அதிகம் எரியும், குளத்தில் மூக்கில் தண்ணீர் ஏறிய அனுபவம் நினைவிருக்கும். மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது.

வாஷ்பேசின் மேல் குனிந்து தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து வாயால் மூச்சு விட்டபடி, மேலே இருக்கும் துளையில் பிழிபுட்டியை வைத்து மென்மையாக அழுத்துங்கள். “க்... க்... க்...” என்று சொல்லிக்கொண்டே அழுத்தினால் அண்ணத்தின் பின்பகுதி உயர்ந்து, தண்ணீர் தொண்டைக்குள் இறங்குவது குறையும். மற்ற துளை வழியாகத் தண்ணீர் வெளியே வரும். பிறகு பக்கம் மாற்றுங்கள். முடித்ததும் குனிந்தபடியே இருந்து மிச்சம் வடிய விடுங்கள், இரண்டு துளையும் திறந்திருக்க மெல்லச் சிந்துங்கள். ஒன்றைப் பொத்திக்கொண்டு வேகமாகச் சிந்தினால் காதுக்குத் தண்ணீர் ஏறும். காலையில் ஒரு முறை, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு முறை போதும். இரண்டு பக்கமும் முழுதாக அடைத்திருந்தாலோ காது வலித்தாலோ அன்று செய்ய வேண்டாம்.

அப்புறம், சூடோஎபிட்ரின் கலந்த சளி மாத்திரை எதையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அது பால் சுரப்பைக் குறைக்கக்கூடும். அடைப்பு நீக்கும் சொட்டையும் மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தே அடைப்பை வரவழைக்கும். உங்கள் புட்டியைக் குழந்தையின் பொருட்களோடு வைக்காதீர்கள். பத்து நாள் தாண்டியும் குறையவில்லை, கண்ணைச் சுற்றி வீக்கம், ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடோ ரத்தத்தோடோ சளி என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

குழந்தை தூங்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இவள் வயதில் 50ஐத் தொட்டால் அது வேக மூச்சு. அதோடு விலா எலும்புக்குக் கீழே சதை உள்ளே குழிவது, உதடு நீலம் பூப்பது, பாலை அறவே மறுப்பது, ஈரமாகும் நாப்கின்களின் எண்ணிக்கை குறைவது, இவற்றில் எது தெரிந்தாலும் சொட்டு விட்டுக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். 3 மாதம் நிறையாத குழந்தை என்றால் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே கிளம்பிவிட வேண்டும்.