கோடு யாரை நோக்கிப் போகிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தேர்தல் கேலிச்சித்திரங்களைப் பற்றி எழுதிய குறிப்பு ஒன்றுக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கடிதங்கள் வந்தன. அவற்றுள் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, தேர்தல் நேரத்தில் தலையங்கத்தை யாரும் வாசிப்பதில்லை. கேலிச்சித்திரத்தை மட்டும் ஒட்டுக்கடையில் கைக்குக் கை மாற்றிப் பார்க்கிறார்கள். நாலு கோடுகளுக்கு அப்படி என்ன வலிமை?
– ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: தலையங்கம் எழுதுபவர் தம் வாதத்தை அடியிலிருந்து கட்டி எழுப்ப வேண்டும். கேலிச்சித்திரக்காரருக்கு அந்தச் சுமை இல்லை; வாதத்தின் பெரும்பகுதி வாசகரின் மனத்தில் ஏற்கெனவே கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். 2013ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நம் மலேசியாவில் முதன்முறையாக அழியாத மை பயன்படுத்தப்பட்டது. வாக்களித்துவிட்டு வீடு திரும்பிய பலர், சவர்க்காரம் போட்டுக் கழுவியதும் மை போய்விட்டதாகப் புகார் செய்தனர். அதன் பிறகு ஒரு விரலையும் ஒரு தண்ணீர்க் குழாயையும் வரைந்தாலே போதும், எழுத்தே தேவையில்லை. அதே படத்தை அந்தத் தேர்தலைப் பற்றி அறியாத வெளிநாட்டவரிடம் காட்டினால், கை கழுவச் சொல்லும் சுகாதார அறிவிப்பு என்றுதான் நினைப்பார். ஒட்டுக்கடையில் எழும் சிரிப்பு, நமக்குத் தெரிந்தது பக்கத்து நாற்காலிக்காரருக்கும் தெரிந்திருக்கிறது என்று கண்டுகொண்ட சிரிப்பு.

கட்சிச் சின்னங்கள் இதற்கு நன்றாகவே உதவுகின்றன. தோட்டத்துப் பெரியவர்கள் கட்சியின் முழுப்பெயரைச் சொல்வதில்லை. பாரிசான் நேஷனல் கூட்டணியைத் ‘தராசு’ என்பார்கள், ஜனநாயக செயல் கட்சியை ‘ராக்கெட்’ என்பார்கள். தராசின் ஒரு தட்டில் அரிசி மூட்டையை வைத்துச் சற்றே சாய்த்து வரைந்துவிட்டால், ஒரு பக்கக் கட்டுரை சொல்ல வேண்டியதை அது சொல்லிவிடும்.

அமெரிக்காவில் 1870களில் நியூயார்க் நகர அரசியலைக் கையில் வைத்திருந்த ட்வீட் என்பவரைத் தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் வாரந்தோறும் வரைந்து வந்தார். தம் ஆதரவாளர்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, படத்தைப் பார்க்காமல் எப்படித் தடுப்பது என்று ட்வீட் புலம்பியதாக ஒரு பேச்சு வழங்குகிறது. பின்னர் அவர் சிறையிலிருந்து தப்பி ஸ்பெயினுக்கு ஓடியபோது, 1876இல் அங்கே அவரை அடையாளம் காட்டியதும் நாஸ்ட் வரைந்த படம்தான். வாசிக்கத் தெரியாத தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே நேரத்தில் புரிகிற பத்திரிகைப் பகுதி வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தொகுதி எல்லை என்றால் என்னவென்று சொல்லப் போனால் கொட்டாவி விடுகிறார்கள். படம் எதுவும் உதவுமா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை

பதில்: உதவும், அம்மா, அதற்கென்றே பிறந்த படம் ஒன்று உண்டு. 1812இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரியின் கட்சி தனக்குச் சாதகமாகத் தொகுதிகளை வளைத்து வெட்டியது. அவற்றுள் ஒரு தொகுதியின் வரைபடத்துக்குச் சிறகும் நகமும் கூரிய பல்லும் சேர்த்து ஒரு விலங்காக வரைந்து பாஸ்டன் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. பல்லியைப் போன்ற சாலமாண்டர் என்ற உயிரினத்தின் பெயரோடு கெரியின் பெயரைப் பிணைத்து ‘கெரிமாண்டர்’ என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். இன்றைக்கும் தொகுதி எல்லையைத் திரிப்பதை உலகமெங்கும் அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். எல்லைகள் மறுபடி மாறின, கெரியும் போய்ச் சேர்ந்தார். விலங்கு மட்டும் சாகவில்லை.

நம் நாட்டு எடுத்துக்காட்டு வேண்டுமானால் 2013ஆம் ஆண்டு எண்களை எடுங்கள். காப்பார் தொகுதியில் 1,44,000க்கும் மேற்பட்ட வாக்காளர்கள். புத்ராஜெயாவில் 16,000க்கும் குறைவானவர்கள். இரண்டுக்கும் ஆளுக்கொரு நாடாளுமன்ற உறுப்பினர்தான். மாணவர்களிடம் இரண்டு பேருந்துகளை வரையச் சொல்லுங்கள்: ஒன்றில் கூரை மேலும் படிக்கட்டிலும் ஆள் தொங்க வேண்டும், மற்றொன்றில் ஒருவர் காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டும், இரண்டிலும் ஓட்டுநர் ஒருவரே. கொட்டாவி நின்றுவிடும்.

கேள்வி: அண்ணன் அவர்களுக்கு, எங்கள் செம்பனை ஆலையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர், தோட்டத் தமிழனைக் கையில் போத்தலோடு சாக்கடையோரம் விழுந்து கிடப்பவனாகக் காட்டும் சித்திரம் ஒன்றைக் கைப்பேசியில் அனுப்பினார். நான் கோபப்பட்டதற்கு, நகைச்சுவை உணர்வு இல்லாதவன் என்கிறார்கள். பிரதமரை வரையலாம், நம்மை வரையக் கூடாதா என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– 24 வயது வாசகர்

பதில்: தம்பி, வந்த கடிதங்களிலேயே என்னை அதிக நேரம் உட்கார வைத்தது உங்களுடையதுதான்.

உங்கள் நண்பரின் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. நம்மை வரையக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. குடியால் அழிந்த குடும்பங்கள் நம்மிடையே இல்லை என்றும் நான் சொல்லப் போவதில்லை. சம்சு என்னும் மலிவுச் சாராயம் குடித்துக் கண் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் ஒரு சித்திரத்தைப் பார்க்கும்போது, அதில் யார் இருக்கிறார் என்பதோடு யாரை விட்டுவிட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அந்தப் போத்தல் தோட்டத்துக்குள் எப்படி வந்தது? வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. சம்பள நாளில் கொடுத்த காசில் ஒரு பகுதி அந்த வழியாகத் திரும்பிப் போனது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. விழுந்து கிடப்பவனை மட்டும் வரைந்து, கடையை வைத்தவரையும் அதை மூடச் சொன்னவரையும் படத்துக்கு வெளியே தள்ளிவிடும் ஓவியர், பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். அந்தச் சைக்கிள் காட்சியை வரைய அவருக்குத் தோன்றவில்லை பாருங்கள். அதை நடந்தபடியே வரைந்தால் போதும், அது தானாகவே கேலிச்சித்திரம்.

பிரதமரை வரைவதும் தொழிலாளியை வரைவதும் ஒன்றல்ல. பிரதமருக்கு மறுநாளே மறுப்பு வெளியிட ஆள் உண்டு, தொலைக்காட்சி உண்டு, வேண்டுமானால் வழக்கறிஞரும் உண்டு. மேலும் அவருடைய படம் அவர் எடுத்த ஒரு முடிவைப் பற்றியது. உங்கள் நண்பர் அனுப்பிய படமோ ஒருவர் செய்ததைப் பற்றியதே அல்ல. அவர் பிறந்த இடத்தைப் பற்றியது.

தமிழர்களைக் கேலியாக வரைந்தும் நம்மைச் சிரிக்க வைத்தவர் உண்டு. நம் பேராக் மாநிலத்தில் 1951இல் பிறந்த கேலிச்சித்திரக்காரர் லாட், 1970களிலிருந்து மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் என்று எவரையும் விடவில்லை. எல்லாரையும் போலத் தம்மையும் பெரிய மூக்கும் கலைந்த தலையுமாக வரைந்துகொண்டார். அவருடைய சித்திரத்தில் நம் ஆட்களைப் பார்க்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நம்மைப் பல நாள் கவனித்திருக்கிறார் என்றே தோன்றும். கோபம் வருவதில்லை. உங்களுக்குக் கோபம் வந்தது என்றால், உங்கள் நகைச்சுவை உணர்வு நன்றாகவே வேலை செய்கிறது என்று நண்பரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கேலிச்சித்திரம் வரைந்ததற்காகச் சிறைத் தண்டனை என்பது மலேசியாவில்தான் நடக்குமா? தமிழ்நாட்டில் இப்படி இல்லையே?
– லிந்தாங் வாசகர்

பதில்: அங்கேயும் நடந்திருக்கிறது. 1987இல் சட்டமன்ற உறுப்பினரைப் பிக்பாக்கெட்டாகவும் அமைச்சரை முகமூடிக் கொள்ளைக்காரனாகவும் காட்டிய அட்டைப்பட நகைச்சுவைக்காக, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களிலேயே விடுவித்தார்கள். பின்னர் உயர்நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அதற்கும் முன்பு, தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு முதலில் இடம் தந்தது 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழ் என்பார்கள். அதை நடத்திய பாரதியார் 1908இல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போக நேர்ந்தது.

நம் நாட்டில் ஸூனார் என்ற புனைபெயரில் வரைபவர்மீது, அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிம் வழக்கின் தீர்ப்பு நாளில் ட்விட்டரில் போட்ட பதிவுகளுக்காக, 2015இல் 9 தேசநிந்தனைக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. எல்லாம் நிரூபிக்கப்பட்டிருந்தால் 43 ஆண்டுகள் வரை சிறை. 2018 மே மாதம் ஆட்சி மாறிய பிறகு அவை கைவிடப்பட்டன. அன்றைய பிரதமரின் முகத்துக்குக் கோமாளி ஒப்பனை போட்ட ஃபாமி ரேஸாவின் வழக்கு, நமக்கு அருகிலுள்ள ஈப்போவிலேயே நடந்தது. 2018 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறையும் 30,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதமும் விதித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் சிறை நீங்கி அபராதம் 10,000 வெள்ளியாகக் குறைந்தது. அச்சிடும் பத்திரிகைகளுக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை. 2012 வரை அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. நம் நாளிதழ்ச் சித்திரங்கள் பல காலம் சாலைக் குழியையும் விலைவாசியையும் தாண்டி மேலே போகாததற்கு இது ஒரு காரணம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கும்பிடும் வேட்பாளரை இன்னும் எத்தனை முறைதான் வரைவார்களோ!

கேள்வி: என் தந்தையார் பல ஆண்டுகளாக நாளிதழ்க் கேலிச்சித்திரங்களை வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறார். ஒன்றின் படியை இத்துடன் அனுப்பியுள்ளேன். இவற்றால் பயன் உண்டா?
– இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

பதில்: மிகவும் உண்டு, அம்மா, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தேதியும் நாளிதழின் பெயரும் வேண்டும். தேதி இல்லாத கேலிச்சித்திரம், விடை தொலைந்த விடுகதை. நீங்கள் அனுப்பிய படத்தில் நம் தொகுதியின் பெயரும் ஆட்டம் காணும் நாற்காலியும் இருக்கின்றன. 1974 முதல் இங்கே வென்று வந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் ச. சாமிவேலு, 2008 மார்ச் 8ஆம் நாள் டாக்டர் ஜெயகுமார் தேவராஜிடம் தோற்றார். படம் அதற்கு முன்பு வந்ததா பின்பு வந்ததா என்பதைப் பொறுத்து அது எச்சரிக்கையா கிண்டலா என்பதே மாறிவிடும். வெட்டிய தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள்; மரண அறிவித்தலோ கடை விளம்பரமோ இருந்தால், பெரும்பாலும் அதிலேயே ஆண்டு கிடைத்துவிடும். பசை போட்டு ஒட்டாதீர்கள், அந்தப் பின்பக்கம் போய்விடும். படத்தின் இடது ஓரத்தில் குடையோடு நிற்பவர் யார் என்பதையும் அப்பாவிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள்.