மனநல மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது எடைக்குறைப்பு இலக்கை எப்படி வைப்பது?

ஓலன்சபைன் என்ற மனநல மருந்தைத் தொடங்கிய எட்டு மாதத்தில் 13 கிலோ கூடிவிட்டதாகவும், அடுத்த மூன்று மாதத்திற்குள் 15 கிலோ குறைக்கத் தீர்மானித்திருப்பதாகவும் எழுதி, இது நடக்கக்கூடியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இலக்கு வேண்டாம் என்பதே என் பதில். யாரோ நெருங்கிய உறவினர் நாலு பேர் முன்னிலையில் ஏதோ சொல்லிவிட்டதால்தான் இந்த 15 என்ற எண் உங்கள் மனத்தில் விழுந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். தவறாக ஊகித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்; என் அனுபவம் அப்படித்தான் இருந்தது.

நான் கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியை. அதீத உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய்க்காகப் பல ஆண்டுகளாக லித்தியமும் ஓலன்சபைனும் எடுத்துக்கொள்கிறேன். மருந்து தொடங்கும் முன் 58 கிலோவாக இருந்தவள் 74 வரை போனேன். நாத்தனார் மகளின் வளைகாப்பில், பந்தியில் எனக்கு எதிரே அமர்ந்த என் சித்தப்பா, "அந்த மாத்திரையை விட்டுத் தொலைம்மா, உடம்பு தானா இறங்கிடும்" என்று இலை போட்டவருக்கும் கேட்கும்படி அறிவுரை சொன்னார். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்துகிறவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு, குறிப்பாக அடுத்த சில மாதங்களில், மிக அதிகம் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை, ஏனென்றால் நோய் திரும்பினால் மருத்துவமனையில் இரவு விழிக்கப்போவது அவர் அல்லர், என் கணவர்.

நான் மருத்துவர் அல்லள். மருந்து நிறுவனங்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் வர வேண்டாம். இந்த மருந்து எடையை ஏற்றுகிறது என்பதை மறைக்காமல் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். ஓலன்சபைன் மூளையில் சில ஹிஸ்டமின், செரட்டோனின் ஏற்பிகளை அடைப்பதால் பசி கூடுகிறது, வயிறு நிறைந்தது என்ற உணர்வு தாமதமாக வருகிறது. ஏறக்குறைய 1,500 ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான 'கேட்டி' ஆய்வில், ஓலன்சபைன் எடுத்தவர்களுக்குச் சராசரியாக மாதம் ஒன்றுக்கு 900 கிராம் வரை கூடியது. க்ளோசபைன் என்ற மருந்தும் இதே வகை. குவெட்டியபைன், ரிஸ்பெரிடோன், வால்ப்ரோவேட் ஆகியவை இவற்றுக்கு அடுத்த நிலையில் வருகின்றன. அரிப்பிப்ரசோல், லுராசிடோன் போன்றவை குறைவாக ஏற்றுகின்றன. ஆகவே மாதம் ஒரு கிலோ ஏறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மூன்று மாதம் எடை ஏறாமல் நின்றதே மூன்று கிலோ குறைத்ததற்குச் சமம். உங்கள் முதல் இலக்கு அதுவாகத்தான் இருக்க வேண்டும். இதைக் கேட்டு எங்கள் பள்ளியின் ஓய்வறையில் ஒருவர் சிரித்தார்; அவர் எந்த மாத்திரையும் எடுப்பவர் அல்லர்.

அடுத்த இலக்குக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கடுமையான மனநோய் உள்ள 291 பேரை 18 மாதம் பின்தொடர்ந்து, 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், உணவு ஆலோசனையும் குழுவாக உடற்பயிற்சியும் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிடச் சராசரியாக 3.2 கிலோ கூடுதலாகக் குறைத்தார்கள். படித்தபோது 18 மாதத்திற்கு இவ்வளவுதானா என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் பொதுவாக எடை குறைக்கிறவர்கள் முதல் ஆறு மாதத்தில் வேகமாக இறங்கிப் பின்பு ஏறத் தொடங்குவார்கள்; இவர்களோ மெதுவாக, கடைசி வரை இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பயன் உண்டு என்பதால், என் மருத்துவர் எனக்கு எழுதிக்கொடுத்த எண் 70. அதற்கு ஓராண்டு அவகாசம். 58 என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இந்த மருத்துவரிடம் வருவதற்கு முன்பு நான் பார்த்துவந்த இடத்தில் எடை பார்க்கும் கருவியே கிடையாது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. இம்மருந்துகளைத் தொடங்கும்போது எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும், எடையை 4, 8, 12 ஆவது வாரங்களில் மீண்டும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2004இலேயே சொல்லிவிட்டன. எடை 5 சதவீதம் கூடினாலே மருந்தை மாற்றலாமா என்று யோசிக்கச் சொல்கிறது அந்த அறிக்கை. எனக்கோ அது எடை 61ஐத் தொட்டபோதே நடந்திருக்க வேண்டிய பேச்சு. நான் முன்பு போன இடத்திலோ "தூக்கம் வருதா? அழுகை வருதா? சரி, அதே மாத்திரை" என்று சீட்டு எழுதி அனுப்பிவிடுவார்கள். நாம் குண்டானது நம் வாயால் என்று நம்மையே நம்ப வைத்த பொறுப்பில் இவர்களுக்கும் பங்கு உண்டு.

நீங்கள் லித்தியமும் எடுக்கிறீர்களா என்று கேள்வியில் இல்லை. எடுத்தால், இலக்கைவிட அதை அடையும் வழியில்தான் ஆபத்து அதிகம். உடலில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். ஊரெல்லாம் மாவுச்சத்தை ஒதுக்கும் பேலியோ உணவுமுறையைப் பேசிய காலத்தில் எனக்கும் அதைப் பரிந்துரைத்தவர்கள் உண்டு. மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் முதல் வாரங்களில் உப்பும் நீரும்தான் வேகமாக வெளியேறுகின்றன என்பதால் என் மருத்துவர் கண்டிப்பாக மறுத்தார். உப்பில்லாப் பத்தியம், தண்ணீர் கூடக் குடிக்காத விரதம், சித்திரை வெயிலில் வியர்க்க வியர்க்க ஓடுவது ஆகிய எல்லாவற்றுக்கும் இதே காரணம் பொருந்தும். நடைப்பயிற்சியில் முழங்கால் வலித்தால் மருந்துக்கடையில் கேட்டதும் தருகிற டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவையும் லித்தியத்தின் அளவை உயர்த்தும். கை நடுக்கம் அதிகமாவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவை தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லித்தியம் தாகத்தையும் கூட்டும். அந்தத் தாகத்தை எங்கள் ஊர் டிகிரி காபியாலும் ரோஸ்மில்க்காலும் தணித்தவள் நான். சர்க்கரை போட்ட பானங்களை விட்டதில்தான் முதலில் எடை நின்றது. காபியை மட்டும் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்றார்கள். காபி லித்தியத்தை ஓரளவு வெளியேற்றுவதால், திடீரென நிறுத்தினால் அளவு ஏறக்கூடும். ஆகவே மெதுவாகக் குறைத்தேன், நடுவில் இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். லித்தியத்தால் தைராய்டு சுரப்பு குறைந்து அதனாலும் எடை கூடலாம். உங்கள் டிஎஸ்எச் (தைராய்டுக்கான இரத்தப் பரிசோதனை) பார்த்து ஆறு மாதத்திற்கு மேல் ஆகியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

ஓலன்சபைனின் பசி எனக்கு இரவில்தான் வந்தது. மாத்திரை போட்டுச் சிறிது நேரத்தில் சமையலறைக்குப் போய், மறுநாளைக்கு வைத்திருந்த மாவில் தோசை ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன். மன உறுதி இல்லை என்பவர்கள் ஒரு வாரம் அந்தப் பசியை அனுபவித்துவிட்டுப் பேசட்டும். மருத்துவரிடம் கேட்டு, மாத்திரையைப் படுக்கப்போகும் நேரத்திற்குத் தள்ளினேன். இரவு உணவில் சோற்றைக் குறைத்துச் சுண்டலும் பொரியலும் கூட்டினேன். மாலையில் மகாமகக் குளக்கரையைச் சுற்றி நடந்தேன். இவற்றில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, யாரும் செய்யக்கூடியவைதான்.

பின்பு மெட்ஃபார்மின் சேர்த்தார்கள். சர்க்கரை இல்லாதவளுக்கு எதற்குச் சர்க்கரை மாத்திரை என்று மருந்துக்கடைக்காரரே கேட்டார். இம்மருந்துகளால் ஏறும் எடைக்கு மெட்ஃபார்மின் ஓரளவு உதவுகிறது என்பதற்கு நல்ல ஆய்வுச் சான்று உண்டு. சராசரிப் பயன் மூன்று கிலோ அளவில்தான். சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும், நெடுநாள் எடுத்தால் வைட்டமின் பி12 அளவைப் பார்க்க வேண்டும். மருந்தையே அரிப்பிப்ரசோலுக்கு மாற்றுவதைப் பற்றியும் பேசினோம். என் கடைசி நோய்க்கட்டம் எவ்வளவு மோசமாக இருந்தது என்பதை எண்ணி நான் மாற வேண்டாம் என்று முடிவெடுத்தேன். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம், ஆனால் கணக்கைப் போட வேண்டியது மருந்து எழுதுகிறவரோடு சேர்ந்து. 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த மௌன்ஜாரோ, வெகோவி என்ற எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள்; அவற்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து உடல் நீர் வற்றினால் லித்தியம் என்ன ஆகும் என்பதை மேலே சொன்னதிலிருந்தே ஊகிக்கலாம்.

பெரும்பாலான எடைக்குறைப்பு அறிவுரைகளில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அதீத உற்சாகமே நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து, களைப்பே இல்லாமல் நடந்து, சாப்பாட்டை மறந்து, மூன்று மாதத்தில் உடம்பையே மாற்றிவிடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தால், சுற்றியிருப்பவர்கள் பாராட்டுவார்கள், மருத்துவர் கவலைப்படுவார். அதனால் எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. நான் நான்கு மணிக்கு முன் எழுந்து நடக்கக் கிளம்பினால், அல்லது ஒரு வாரத்தில் எடை இரண்டு கிலோ இறங்கினால், என் கணவர் என்னிடம் வாதம் செய்யாமல் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார். முதலில் இது எனக்கு அவமானமாக இருந்தது, இப்போது இல்லை.

ஒரு முறை தூக்கம் கெட்டு, ஓலன்சபைன் அளவைச் சில மாதங்களுக்குக் கூட்ட வேண்டிவந்தது. அப்போது இரண்டு கிலோ ஏறியது. அந்த மாதங்களுக்கு எடை இலக்கு கிடையாது என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை; அளவு குறைந்த பிறகு பழையபடி தொடங்கினேன். இப்போது 69இல் இருக்கிறேன். வளைகாப்பு வீடுகளில் இன்னும் குண்டுதான். ஞாயிறு காலையில் மட்டும் எடை பார்க்கிறேன்; 71ஐத் தொட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்ப்பது என்று பேசிவைத்திருக்கிறோம்.